ஃபோலிக் அமிலமும் புற்றுநோய் மருத்துவமும்

கீரை, பயறு, ஈரல் ஆகியவற்றில் ஃபோலேட்டாக இருக்கும் பி9 வைட்டமினின் செயற்கை வடிவம் ஃபோலிக் அமிலம். உயிரணுக்கள் புதிய டி.என்.ஏ. உருவாக்க இது வேண்டும். புற்றுநோய்க்கான தொடக்ககால மருந்துகளுள் ஒன்று, இந்தச் சத்தை உடலுக்கு எட்டாமல் தடுத்ததில் பிறந்தது.

கதை பம்பாயில் தொடங்குகிறது. அங்கே கர்ப்பிணிகளான மில் தொழிலாளிகளிடம் காணப்பட்ட ரத்தசோகை, மார்மைட் என்று கடையில் விற்ற ஈஸ்ட் சாற்றால் தீர்வதை ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் சுப்பாராவ்.

பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், ரத்தசோகையைப் போக்கும் சத்து ரத்தப் புற்றுக்கும் உதவலாம் என்று நம்பி ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் வேகமெடுத்தது. ஆனால் ஃபார்பர் அந்தத் தோல்வியைச் சரியாகப் படித்தார்: சத்து கிடைத்தால் வளரும் நோய், அது கிடைக்காவிட்டால் ஒடுங்க வேண்டும்.

அதற்கான மருந்தும் சுப்பாராவின் குழுவிடமிருந்தே வந்தது. ஃபோலிக் அமில மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருந்த இடத்தில் அமினோ தொகுதியை வைத்தால் அமினோப்டெரின். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி இதை ஃபோலேட் என்றே நினைத்துப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது, டி.என்.ஏ. உற்பத்தி முடங்கும். 1948 ஜூனில் வெளியான கட்டுரையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது, தற்காலிகமாகத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். இதே வகை மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் உள்ளது.

சத்து மாத்திரைகளை நியூட்ராசூட்டிகல் என்ற பெயரில் விற்பவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை. 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வும் அவர்களுக்கு உவப்பானதன்று: புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த அதில், பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. மஞ்சளிலுள்ள குர்குமின் சோதனைக் குழாயில் புற்றணுக்களைத் தாக்கினாலும், வாய்வழி உட்கொண்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

ஃபோலேட்டுக்குச் சிகிச்சையில் நேரடி இடமும் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டை மிகுந்த அளவில் செலுத்தினால், நலமான உயிரணுக்களைக் காக்க, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து லியூகோவோரின் என்ற ஃபோலேட் வடிவம் தரப்படும். ரத்தத்தில் எஞ்சியுள்ள மெத்தோட்ரெக்சேட்டின் அளவைப் பார்த்து லியூகோவோரின் வேளைகளை மருத்துவர்கள் கூட்டுவார்கள் அல்லது நிறுத்துவார்கள்.