7 அடி வெட்டின பாய்மரம்

நானே எழுதின பழைய ப்ரோகிராம் ஒண்ணு. பாதியை வெட்டினால்தான் உருப்படும். ஆனா மனசு வரலை. அப்போதான் ஜோஷுவா ஸ்லோகம் ஞாபகத்துக்கு வந்தார்.

1892. நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரக் கப்பல் கேப்டன்கள் பிழைப்பு படுத்துவிட்ட நேரம். வேலையில்லாத ஸ்லோகமுக்கு நண்பர் ஒருவர் கப்பல் தருவதாகச் சொன்னார். அமெரிக்காவின் ஃபேர்ஹேவனுக்குப் போய்ப் பார்த்தால், வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்திய, மக்கிப்போன படகு! பெயர் 'ஸ்ப்ரே'. மனுஷன் அசரவில்லை. 13 மாதம், 553 டாலர் 62 சென்ட் செலவில் புதுசாகவே கட்டிவிட்டார். பாய்மரத்தையும் அவரே பார்த்து நட்டார். 1895-இல், 51 வயதில், பாஸ்டனிலிருந்து தனியாளாகக் கிளம்பினார்.

மேட்டரே இனிமேல்தான். தென் அமெரிக்காவின் தென்முனையில் அடிப்பது பேய்க்காற்று. மரம் உயர உயர, மேலே எடையும் பாயும் கூடி படகு சாயும். பாயைச் சுருட்டவோ ஒரே ஆள். புவெனஸ் அயர்ஸில் மரத்தைக் கழற்றி 7 அடி வெட்டினார். முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த கட்டையில் சுமார் 5 அடி காலி. அப்புறம் மகெல்லன் நீரிணையில் பின்பக்கம் சின்னதாக இன்னொரு மரம் நட்டு, அதில் ஒரு குட்டிப் பாய்.

1898-இல் சுமார் 46,000 மைல் சுற்றி ஊர் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் மாலுமி!

அடுத்தவன் செய்ததை யார் வேணும்னாலும் வெட்டலாம் மக்களே. தான் நட்ட மரத்தையே வெட்டத்தான் தில் வேணும். நேற்று ராத்திரி நானும் வெட்டிட்டேன். இதுவரை மூழ்கலை :-)