நாய்க்கு வருவதும் நீரிழிவுதான்

"ஸ்வீட்டே குடுத்தது இல்லியே டாக்டர், இதுக்கு எப்படி சுகர் வரும்?" நாயை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர்கள் இப்படிக் கேட்பது இயல்பு. குழப்பம் பெயரில் இருக்கிறது.

சர்க்கரையும் சுகரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சமஸ்கிருத 'சர்க்கரா' என்றால் முதலில் பரல், சரளைக்கல், பிறகுதான் இனிப்புத்தூள். அது பாரசீகம், அரபு வழியே ஐரோப்பாவுக்குப் போய், இங்கே 'சுகர்' என்று நோயாகத் திரும்பியது. பேராசிரியர் விசுவநாதன் 1954இல் தொடங்கி, பிறகு நீரிழிவுக்கென்றே ஆன மருத்துவமனை இருக்கும் ராயபுரத்திலும் இன்று வாயில் வருவது சுகர்தான்.

நீரிழிவில் வரும் 'இழிவு' கேவலம் அல்ல. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். கிரேக்க 'டயபடீஸ்' சொல்வதும் ஏறக்குறைய அதையே: ஊடே கடந்து போவது. இதே நோயின் இன்னொரு பெயரான மதுமேகத்தின் மேகமும் வானத்து மேகம் இல்லை, சிறுநீர்.

1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் கணையத்தை அகற்றிய நாய்க்கு நடந்ததும் இந்த இழிதல்தான். ஓயாமல் போன சிறுநீரில் சர்க்கரை இருந்தது. நோயின் வேர் கணையத்தில் என்று அப்போதுதான் பிடிபட்டது. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் மருந்து தேடியதும் நாய்களை வைத்தே. அந்த மருந்துக்கு, கணையத்துத் திட்டுகளை நினைத்து, தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்று பெயர் வந்தது.

திருவொற்றியூர் வீட்டில் கருத்தடை செய்யாத பெட்டை நாய் தண்ணிக் கிண்ணத்தைக் காலி செய்துகொண்டே இருந்தால், வெக்கை என்று விட்டுவிடுவோம். ராத்திரி வாசப்படி நனையும், நன்றாகத் தின்றும் இளைக்கும், கண்ணில் புரை விழும். நீரிழிவு என்ற பெயர் மனதில் இருந்தால் முதல் வாரமே சந்தேகம் வரும். 'சுகர்' என்று நினைத்தாலோ, தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்துப் போடத் தோன்றும். அது பலிக்காது, நாயின் கணையத்தில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோயிருக்கும்.

ஊசிதான் வழி: சாப்பாட்டோடு, பன்னிரண்டு மணிக்கொரு தரம். எண்ணூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு இது லேசான காரியமில்லை. மில்லிக்கு நாற்பது யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு. மாறினால் அளவு இரண்டரை மடங்கு புரளும். பெட்டைக்குக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் பல சமயம் மருந்துத் தேவை குறையும். ஊசிக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடினால், சுகர் பேஷண்ட் ஆயிற்றே என்று தயங்காமல், ஈறில் சர்க்கரைத் தண்ணியைத் தடவிக்கொண்டே ஆட்டோ பிடிக்க வேண்டும்.