எட்ருஸ்க மொழி புலப்பட்ட வரலாறு

எட்ருஸ்க எழுத்தை வாசிப்பதில் இன்று பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர், கிரேக்கரிடமிருந்து பெற்ற எழுத்தைப் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். ஆனால் ஒலிக்கத் தெரிந்த சொற்கள் பலவற்றுக்குப் பொருள் தெரியவில்லை. எட்ருஸ்கரின் வரலாற்றை இருபது நூல்களாக எழுதிய ரோமப் பேரரசர் கிளாடியசின் படைப்பும் அழிந்துபோயிற்று. எஞ்சிய பொறிப்புகள் பத்தாயிரத்துக்கு மேல் உண்டு என்றாலும், பெரும்பாலானவை கல்லறைகளில் காணும் பெயர்களே.

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தேடியது பொருளை அல்ல, உறவை. 1498-இல் விதெர்போ நகரத் துறவி அன்னியோ, போலி ஆவணங்களைக் கொண்டு எட்ருஸ்கரை நோவாவின் வழியினராக்கினார். இதற்கு நேர்மாறான ஒழுங்கு 1789-இல் வெளிவந்த லூயிஜி லான்சியின் நூலில் தெரிகிறது. எழுத்துகளின் ஒலிகளைப் பெரும்பாலும் சரியாக நிறுவியது அதுதான். உறவைத் தேடும் ஆசை மட்டும் அதன் பிறகும் அடங்கவில்லை.

அந்த ஆசைக்குத் தூபமிட்டது அண்டை மொழியான உம்பிரியனில் கிடைத்த வெற்றி. குப்பியோ நகரில் 1444-இல் கிடைத்த ஏழு வெண்கலப் பலகைகளின் சடங்கு விதிகளை 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் விளக்க முடிந்தது. உம்பிரியன் இலத்தீனுக்கு உறவுமொழி என்பதே காரணம். எட்ருஸ்கமும் அப்படித்தான் என்று இலத்தீன் அறிஞர் வில்ஹெல்ம் கோர்சென் 1874-இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலில் வாதிட்டார். மறு ஆண்டே வில்ஹெல்ம் டேக்கே அதை மறுத்தார். பிற்காலத்தில் அவரே, இலத்தீன் உள்ளிட்ட இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடு எட்ருஸ்கத்துக்கு உறவு உண்டு என்ற பக்கம் சாய்ந்தது, அந்த ஆசையின் வலிமைக்குச் சான்று.

பயன் தந்த வழி மிக எளியது. ஒரு சொல் எந்தப் பொருளின்மீது, எந்த இடத்தில், எந்தச் சொற்களோடு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பது. கல்லறைப் பொறிப்புகளில் எண்களை ஒட்டி ‘அவில்’ என்ற சொல்லின் வடிவங்கள் வந்தன. இறந்தவரின் வயதைக் குறிக்கும் இடம் அது. ஆகவே ‘ஆண்டு’ என்று கொண்டார்கள். துஸ்கானியாப் பகடைகள் என்று அறியப்படும் இரண்டு தந்தப் பகடைகளில் புள்ளிகளுக்குப் பதிலாக ஆறு எண்ணுப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன: மாக், து, சால், ஹுத், கி, சா. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரவேண்டும் என்ற பகடை மரபு, எது எந்த எண் என்ற விவாதத்துக்கு வரம்பு கட்டியது; அதை முடித்துவைக்கவில்லை.

இடையில் எதிர்பாராத இடத்திலிருந்து நீண்ட உரை ஒன்று கிடைத்தது. 1848-இல் அலெக்சாந்திரியாவில் மிஹாய்லோ பாரிச் வாங்கிய எகிப்திய மம்மியைச் சுற்றியிருந்த துணியில் எழுத்து இருந்தது. சாக்ரெப் அருங்காட்சியகத்துக்கு வந்த அந்தத் துணியில் இருப்பது எட்ருஸ்கம் என்பதை 1891-இல்தான் யாக்கோப் கிரால் கண்டறிந்தார். லினன் துணியாலான சடங்கு நாட்காட்டி ஒன்று பட்டைகளாகக் கிழிக்கப்பட்டு உடலைச் சுற்றியிருந்தது. வாசிக்கக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 1,200. எட்ருஸ்கத்தில் இதைவிட நீண்ட உரை வேறில்லை. குப்பியோ பலகைகளின் சடங்கு மொழியோடு ஒப்பிட்டு இதை விளக்கும் முயற்சிகளும் நடந்தன. அதாவது, இரத்த உறவில்லாத அண்டை மொழி பண்பாட்டு உறவால் உதவிற்று. இந்த நுட்பம் கோர்செனுக்கு எட்டாமல் போனது வருத்தமே.

1964-இல் செர்வெத்தேரியின் பழைய துறைமுகமான பிர்கியில், மாசிமோ பல்லோத்தினோவின் அகழாய்வில் சுருட்டப்பட்ட மூன்று பொன்தகடுகள் கிடைத்தன. அவற்றைக் கோயிலில் பதித்திருந்த ஆணிகளும் உடன் இருந்தன. இரண்டு தகடுகள் எட்ருஸ்கத்தில், ஒன்று ஃபினீசிய மொழியில்; காலம் ஏறத்தாழ கி.மு. 500. மன்னர் தெஃபாரியே வெலியானாஸ், எட்ருஸ்கத்தில் ஊனி என்றும் ஃபினீசியத்தில் அஸ்தார்த்தே என்றும் பெயர் பெற்ற தேவிக்கு அளித்த காணிக்கை அது. ஃபினீசியத் தகடு ஆட்சியின் மூன்றாம் ஆண்டு என்று சொல்லும் இடத்தில், எட்ருஸ்கத் தகட்டில் ‘கி அவில்’ நின்றது. ‘அவில்’ ஆண்டு, ‘கி’ மூன்று என்று கல்லறையும் பகடையும் தனித்தனியே தந்த இரண்டு ஊகங்கள் ஒரே தொடரில் உறுதிப்பட்டன. நேருக்கு நேர் மொழிபெயர்ப்பாக இல்லாததால் தகடுகள் புதிதாகத் தந்த சொற்கள் சிலவே. பழைய முறை சரியானது என்று காட்டியதே அவற்றின் பெரும்பயன் என்று கருதுகிறேன்.

மொழியின் உறவைப் போலவே மக்களின் தோற்றமும் விவாதத்துக்கு உள்ளானது. எட்ருஸ்கர் லிடியாவிலிருந்து வந்தவர்கள் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசின் கூற்றையும், மண்ணின் மைந்தர்கள் என்ற தியோனீசியசின் கூற்றையும் வைத்து நடந்த வழக்கைப் பல்லோத்தினோ 1947-லேயே திசைதிருப்பியிருந்தார்: எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதைவிட, இத்தாலிய மண்ணில் எப்படி எட்ருஸ்கராக உருவானார்கள் என்று கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். 82 பழங்கால மனிதர்களின் மரபணுவை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு, எட்ருஸ்கரின் வம்சாவளி அண்டை இலத்தீனியரை ஒத்திருப்பதைக் காட்டியது. மொழி மட்டும் இலத்தீனோடு சேரவில்லை. அதற்கு உறவாகத் தெரிபவை ஆல்ப்ஸ் பகுதி ரேட்டிய மொழியும், 1885-இல் கிடைத்த லெம்னோஸ் தீவுக் கல்லின் மொழியும்தான். இரண்டிலும் சான்றுகள் மிகச் சொற்பம் என்பதால் எட்ருஸ்கச் சொற்பொருளுக்கு அவற்றால் கிடைக்கும் உதவியும் சொற்பமே.