எழுச்சியின் சுமையைத் தாங்கிய இளைஞர்

சமய எழுச்சிகளைப் பற்றி எழுதுவோர் திரண்ட மக்களின் தொகையையே பெரிதாகக் கூறுவர். அம்மக்கள் முன் நின்றவர் கொடுத்த விலை அதிகம் பேசப்படுவதில்லை. 1904ஆம் ஆண்டு வேல்ஸ் தேசத்தில் மூண்ட எழுச்சியின் முகமாக விளங்கிய இவான் ரொபர்ட்ஸின் வாழ்வை நாம் இந்நோக்கிலேயே பார்க்க விரும்புகின்றோம்.

தென் வேல்ஸில் 1878 ஜூன் 8ஆம் திகதி பிறந்த ரொபர்ட்ஸ், சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்கிறங்கியவர். பின்னர் கொல்லுத் தொழிலும் பயின்றார். போதகர் பணிக்கான ஆயத்தக் கல்வியை இடைநிறுத்தி ஊர் திரும்பி, 1904 ஒக்டோபர் 31ஆம் திகதி தமது சபையின் இளைஞர்களைக் கூட்டிப் பேசினார். அப்போது அவருக்கு வயது 26. பாவ அறிக்கை, ஐயத்துக்குரிய பழக்கங்களைக் கைவிடல், ஆவியானவருக்கு உடன் கீழ்ப்படிதல், கிறிஸ்துவைப் பகிரங்கமாக அறிக்கையிடல் என்னும் நான்குமே அவரது போதனையின் சாரம். அவரது கூட்டங்களில் பிரசங்கத்திலும் பார்க்கப் பாடலும் ஜெபமுமே மிகுந்திருந்தன.

சில மாதங்களில் சுமார் ஒரு இலட்சம் பேர் மனந்திரும்பியதாக மதிப்பிடப்பட்டது. குடிபோதைக் குற்றங்களும் குறைந்தன. இவ்வெழுச்சியைப் பரப்பியதில் பத்திரிகைகளின் பங்கு பெரிது. கார்டிப் நகரின் 'வெஸ்டர்ன் மெயில்' ஊர் வாரியாக மனந்திரும்பியோர் தொகையை வெளியிட்டது. அதே பத்திரிகையிலேயே 1905 ஜனவரியில் பீற்றர் பிரைஸ் என்னும் போதகர், ரொபர்ட்ஸ் நடத்துவது போலி எழுச்சி எனக் கடுமையாகச் சாடினார்.

ஓய்வற்ற பயணங்களாலும் மக்களின் எதிர்பார்ப்பாலும் ரொபர்ட்ஸின் உடலும் உள்ளமும் தளர்ந்தன. 1906இல் முற்றாகச் சோர்வுற்று, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெஸி பென்-லூயிஸ் அம்மையாரின் இல்லத்தில் ஒதுங்கினார். முன்னைய பொதுப்பணிக்கு அவர் முழுமையாகத் திரும்பவேயில்லை. 1951 ஜனவரி 29ஆம் திகதி கார்டிப்பில் காலமானார்.

ஆயினும் அவ்வெழுச்சியின் தாக்கம் வேல்ஸுக்கு அப்பாலும் சென்றது. வேல்ஸ் மிஷனரிமார் பணியாற்றிய இந்தியாவின் காசி மலைப்பகுதியிலும், பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்திலும் 1905இல் எழுச்சி உண்டானது. எலிம் பெந்தெகொஸ்தே சபையை 1915இல் தோற்றுவித்த ஜோர்ஜ் ஜெவ்ரிஸும் வேல்ஸ் எழுச்சியில் மனந்திரும்பியவரே.

ஓர் இயக்கம் தனியொருவரின் தோளில் ஏற்றப்படும்போது, அவரும் களைப்படையும் மனிதரே என்பதை அடியார்களும் மறக்கின்றனர், பத்திரிகைகளும் மறக்கின்றன. ரொபர்ட்ஸின் வாழ்விலிருந்து, ஆன்மிகத் தலைவர்களைச் சூழ்ந்து நிற்போரும் அவர்களைப் பற்றி எழுதும் நாமும் கற்கவேண்டிய பாடம் இதுவே.