பக்கத்து இடத்தின் விலை

சங்கரன்கோவில் யாத்திரிகர்களால் வளர்ந்த ஊர். ஹரியும் ஹரனும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணரையும், அவ்வுருவைக் காண்பதற்காகவே தவமியற்றிய கோமதியம்மையையும் தரிசிக்கும்பொருட்டு, கரிசல் காட்டுக் கிராமங்களிலிருந்தும் மேற்குமலை அடிவாரத்துக் கிராமங்களிலிருந்தும் ஆடித் தபசுக்குக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து சேர்வதும், புற்றுமண்ணை நெற்றியிலிட்டு, மிச்சத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு ஊர் திரும்புவதும் பல தலைமுறைகளாக நடந்துவரும் காரியங்கள். அப்படி வந்தவர்கள் எதில் ஏறி வந்தார்கள், வழியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதியவர்கள் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. ஆயினும், ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்து உட்கார்ந்து போவதற்கென்று விமானக் கம்பெனிகள் தனிக்கட்டணம் கேட்கின்ற இக்காலத்தில், பக்கத்து இடம் என்பது எவ்வாறு பிரயாணியின் பாத்தியதையாக இருந்தது, எப்போது விலைப்பொருளாயிற்று என்பதை ஆராய்ந்து பார்ப்பது அவசியமென்று நினைக்கிறேன்.

ரயில் வருவதற்கு முன் நடையும் மாட்டுவண்டியுமே கதி. கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்து, முதியவர்களைக் கூண்டின் ஓரத்தில் சாய்த்து உட்காரவைத்து, குழந்தைகளை அவர்களுடைய மடியில் அடைத்துக்கொண்டு போவது வழக்கம். வாடகை, வண்டிக்குப் பேசப்படுமேயொழிய அதற்குள் யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு பேச்சும் இராது.

1927-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தபோது, இவ்வட்டாரத்து ஜனங்களுக்கு முன்பின் அறியாதவரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து போகும் புதிய அனுபவம் வாய்த்தது. அந்தப் பலகையின்மேல் அவர்களுக்கிருந்த உரிமை எத்தகையது என்பதை அறிய 1890-ஆம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஒரு தொகையை நிர்ணயித்து அதை எல்லோரும் காணும்படி எழுதிவைக்க வேண்டுமென்றும், பிரயாணிகளை ஏற்றிச்செல்லும் ஒவ்வொரு ரயிலிலும் கடைசி வகுப்பில் குறைந்தது ஓர் அறையையாவது பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டுமென்றும், ரயில் ஐம்பது மைலுக்கு மேல் ஓடுமானால் அந்த அறையில் கழிப்பிடமும் இருக்க வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. இதற்கென்று ஒரு காசுகூடக் கூடுதலாக வாங்கும்படி அது சொல்லவில்லை. துணையின்றி வருகின்ற ஸ்திரீக்கு எந்த இடம் க்ஷேமமானது என்பதைக் கம்பெனியின் லாப நஷ்டத்துக்கு விட்டுவிடாமல், ராஜாங்கமே நிர்ணயிக்க வேண்டிய விஷயமாகக் கருதினார்கள். அதே சமயத்தில், புருஷனோடும் பிள்ளைகளோடும் பொதுப்பெட்டியில் சேர்ந்து உட்கார விரும்பிய பெண்ணை யாரும் தடுக்கவுமில்லை. தனித்திருப்பதும் சேர்ந்திருப்பதும் அவளுடைய இஷ்டம்.

சட்டத்தில் எழுதியிருந்ததெல்லாம் நடைமுறையில் பலித்தது என்று சொல்வதற்கில்லை. 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி எழுதிய காந்தியடிகள், தாம் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பெட்டி 22 பேருக்கென்று குறிக்கப்பட்டிருந்தும், அதில் 35 பேர் வரையில் அடைபட்டுக் கிடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். நெரிசல் உண்டு, அழுக்கு உண்டு, இராத்தூக்கம் இல்லை. ஆனால் அந்த நெரிசலிலும் தாயை மகனிடமிருந்து பிரித்து, சேர்த்து வைப்பதற்கு ஒரு கூலி என்று கேட்டவர் எவருமில்லை.

பழங்காலத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. சேர்ந்து உட்காருதல் என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் கிடைத்த சௌகரியமன்று. பலருக்கு அது போராடிப் பெற வேண்டியதாக இருந்தது. ரயிலின் மரப்பலகை டிக்கெட் வாங்கிய அனைவருக்கும் பொதுவாயிருக்க, ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையிலோ பிராமணருக்கு ஓரிடம், மற்றையோருக்கு ஓரிடம் என்ற பேதம் நெடுங்காலம் நிலவியது. பெரியாரும் அவரைச் சார்ந்தோரும் இடைவிடாது கண்டித்ததன் பயனாக 1941-ல்தான் அது ஒழிந்தது. பஸ்களின் கதை இதைவிடக் கொடியது. தாழ்த்தப்பட்டோரை ஏற்றிக்கொள்ள மறுத்த பஸ் முதலாளிகள் இருந்தார்கள்; காசை நீட்டினாலும் இடமில்லை என்றார்கள். சங்கரன்கோவிலுக்கு வடக்கே எல்லை தாண்டினால் ராஜபாளையம்; அது அந்நாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா போர்டின் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஜாதியைக் காட்டி எவரையேனும் ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்த பெரியவர் அவர். ஒரு ஜில்லா போர்டின் உத்தரவு ஒரு பஸ் பலகையை எல்லோருக்கும் உரியதாக்கிற்று என்பதை நம் நாட்டுப் போக்குவரத்துச் சரித்திரத்தின் பெரிய சம்பவங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். அந்த அவமானத்தையும் இன்றைய கட்டணத்தையும் ஒரு தட்டில் வைத்துப் பேசுவது தகாது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விஷயத்தை: எந்த இடத்தில் யார் உட்காரலாம் என்பதை வண்டிக்காரனின் சௌகரியத்துக்கு விட்டுவிடலாகாது என்ற நியாயம் இந்தப் பிரதேசத்தில் ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்பே பேசி முடிவு கண்ட நியாயம்.

சுதந்திரத்துக்குப் பின், பஸ் போக்குவரத்து படிப்படியாக அரசின் வசமாகி, 1974-ல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. தபசு நாட்களில் சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குள் ஒரு பஸ் நுழைகின்றபோது நிகழ்வதைக் கண்டவர்கள் அறிவார்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு விழும். துண்டில்லாதவர் பையையோ, பூச்சரம் கட்டிய கூடையையோ, சில சமயம் கைக்குழந்தையையே உள்ளே நீட்டுவார். மூவர் உட்காரும் இருக்கையில் ஒரு துண்டு விரிந்து கிடந்தால், பின்னால் ஏறியவர் முணுமுணுத்தாலும் அதை எடுத்தெறிய மாட்டார். இடம் போட்டவருடைய குடும்பத்தில் ஒருத்தி பின்னால் நிற்பதைக் கண்டால், “ஆச்சி, நீங்க இங்கன உக்காருங்க, நான் முன்னால போய்க்கிடுதேன்” என்று எழுந்து கொடுக்கின்ற ஒருவர் அந்த நெரிசலிலும் இருப்பார். ஆண் பக்கத்தில் அந்நியப் பெண் உட்கார நேர்ந்தால், கண்டக்டரே, “அண்ணாச்சி, செத்த அந்தப் பக்கம் மாறிக்கோங்க” என்று ஒழுங்கு செய்துவிடுவார். இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஏட்டில் விதி கிடையாது. ஆயினும் எந்த விதியைக் காட்டிலும் ஸ்திரமாக நின்றன.

ரயில்வேயில் முன்பதிவும், அதன்பின் கம்ப்யூட்டர் முன்பதிவும் வந்தபோது இப்பழைய வழக்கம் இயந்திரத்துக்குள்ளும் புகுந்தது. ஒரே விண்ணப்பத்தில் ஆறு பெயர் வரை எழுதலாம். அந்த ஆறு பேரையும் கூடுமானவரையில் ஒரே பெட்டியில் அடுத்தடுத்துப் போடுவதே கம்ப்யூட்டருக்கு இட்ட கட்டளை. முதியோர்க்கும், வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு, இல்லையேல் வேண்டாம் என்று சொல்லும் வசதியும் ரயில்வேயின் இணைய முன்பதிவில் இருக்கிறது. முன்பதிவுக்கென்று ரயில்வே கட்டணம் வாங்குகிறது, உண்மை. ஆனால் பொதிகை எக்ஸ்பிரஸில் சங்கரன்கோவிலில் ஏறிச் சென்னைக்குப் போகிற ஒரு தம்பதியிடம், ‘நீங்கள் இருவரும் சேர்ந்திருக்க இவ்வளவு’ என்று அது தனியாகக் கேட்டதில்லை.

ஆகாய மார்க்கத்திலும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. 1953-ல் விமானப் போக்குவரத்து தேசியமயமாகி இந்தியன் ஏர்லைன்ஸ் தோன்றியபின், நிலையத்துக் கவுண்டரில் இருந்த சிப்பந்தி, குடும்பத்தாருடைய டிக்கெட்டுகளைச் சேர்த்து வாங்கி, சேர்த்தே இடம் எழுதிக் கொடுப்பார். 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கி, நடுத்தரக் குடும்பங்களையும் விமானத்தில் ஏற்றியது. ஆரம்பத்தில் அதில் இருக்கை எண்ணே கிடையாது. முதலில் ஏறியவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். அமெரிக்காவில் 1971 முதல் பறந்துவரும் சவுத்வெஸ்ட் கம்பெனியின் முறை அது. பஸ் நிலையத்துத் துண்டு விமானத்தின் படிக்கட்டு வரை வந்துவிட்டது என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. முந்தி வந்தவருக்கு இடம், கேட்டவருக்கு விட்டுக்கொடுத்தல் என்ற அந்த இரண்டு விதிகளும் நம் ஜனங்களுக்குப் புதியவை அல்ல.

விலை வந்து சேர்ந்தது வேறொரு வாசல் வழியாக. இணையத்தில் டிக்கெட் வாங்குகிறவர் எல்லாக் கம்பெனிகளின் கட்டணத்தையும் ஒரே திரையில் ஒப்பிட்டு, மிகக் குறைந்த தொகையைத் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே அந்த முதல் தொகையை எவ்வளவு சிறிதாகக் காட்ட முடியுமோ அவ்வளவு சிறிதாகக் காட்டுவதும், பெட்டி, சாப்பாடு, இருக்கை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அடுத்தடுத்த பக்கங்களில் விலை வைப்பதும் கம்பெனிகளுக்கு லாபகரமாயின. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2015-ல் இதற்கு இடங்கொடுத்து, விருப்ப இருக்கைக்குத் தனிக்கட்டணம் வாங்கலாமென்று சுற்றறிக்கை விடுத்தது. 2018 நவம்பரில், இணையத்தில் முன்கூட்டி செக்-இன் செய்வோருக்கு எல்லா இருக்கைகளுக்குமே கட்டணம் என்று இண்டிகோ அறிவித்தபோது பெரும் கூக்குரல் எழுந்தது. விமானப் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. நிலையத்துக் கவுண்டரில் இலவசமாகவும் இடம் பெறலாம் என்று கம்பெனி விளக்கம் சொல்லிற்று. இது உலகெங்கும் அடித்த காற்றுத்தான். ஐரோப்பாவின் ரையனேர், பணம் கட்டாதவர்களை வேண்டுமென்றே பிரித்து உட்காரவைக்கிறதென்று 2017-ல் புகார்கள் எழுந்தன. கம்பெனி அதை மறுத்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கை எண்ணே இல்லாமல் பறந்த சவுத்வெஸ்ட்டும் 2026 ஜனவரியில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

திரையில் விரிகின்ற அந்த இருக்கைப் படத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நடைபாதைக்கு இருபுறமும் மும்மூன்றாக இருக்கைகள். ஒவ்வொன்றன்மேலும் ஒரு நிறம், ஒரு தொகை. இலவசம் என்று இருப்பவை பெரும்பாலும் பின்வரிசைகளில் இரண்டு பேருக்கு நடுவே சிக்கிய ஒற்றை இருக்கைகள். நால்வர் கொண்ட குடும்பம் பணம் கட்ட மறுத்தால் நான்கு வெவ்வேறு வரிசைகளில் விழும். கட்டினால் போகவும் வரவும் ஆளுக்குச் சில நூறாகக் கூடி, மலிவு என்று நம்பி வாங்கிய டிக்கெட் மலிவாக இராது. காலை நீட்ட அதிக இடமுள்ள முன்வரிசைக்குக் கூடுதல் விலை கேட்பதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். அங்கே ஒரு பொருள் கூடுதலாகக் கொடுக்கப்படுகிறது. அடுத்தடுத்த இரண்டு சாதாரண இருக்கைகளில் அப்படி என்ன கூடுதலாக இருக்கிறது? தாயும் மகளும் என்ற உறவு அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதற்குக் கம்பெனி விலை வைப்பது அநியாயம்.

இதில் அபாயமும் உண்டு. விபத்து நேர்ந்தால், பாதி வாசல்களையே பயன்படுத்தி 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேற முடியுமென்று நிரூபித்த பிறகே ஒரு விமான மாதிரிக்கு அனுமதி கிடைக்கிறது. பத்து வரிசைக்கு அப்பால் குழந்தை இருக்குமானால் எந்தத் தாய் தன் பக்கத்து வாசலை நோக்கி ஓடுவாள்? கூட்டத்தை எதிர்த்துப் பின்னால்தான் போவாள். அந்த 90 விநாடிகளும் அங்கேயே கரைந்துவிடும்.

2024 ஏப்ரலில் இயக்குநரகம் ஒரு நல்ல காரியம் செய்தது. பி.என்.ஆர். எனப்படும் ஒரே முன்பதிவு எண்ணில் பிரயாணம் செய்யும் 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலருள் ஒருவர் பக்கத்திலாவது இடம் தரவேண்டுமென்றும், அதைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டுமென்றும் ஆணையிட்டது. 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தை இயற்றியவர்களின் மனப்போக்கு இதில் திரும்பவும் தென்படுகிறது. ஆனால் இந்த ஆணை பேசுவது குழந்தைகளை மட்டுமே. தூத்துக்குடியிலோ மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ முதன்முதலாக விமானமேறுகிற நம் ஊர்ப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். இடுப்புப் பட்டையை மாட்டத் தெரியாது. அறிவிப்பு நடக்கும் பாஷை புரியாது. கழிப்பறைக் கதவு எப்படித் திறக்குமென்று அந்நியரிடம் கேட்கக் கூச்சம். மும்பையில் வேலை பார்க்கிற மகன் கூடவே வந்தும், அவன் ஏழாம் வரிசையிலும் அவள் இருபத்தைந்தாம் வரிசையிலும் உட்கார்ந்து போவதை எந்த நியாயத்தால் சரியென்று சொல்ல முடியும்? முதியோரும் உடற்குறையுடையோரும் துணைக்கு வருபவரின் அருகிலே கட்டணமின்றி அமர்வது சட்டப்படியான உரிமையாக நிலைபெற வேண்டும்; நம் பிரதேசத்துப் பாராளுமன்ற அங்கத்தினர்கள் இதை வற்புறுத்திப் பேச வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளோடு விமானத்தில் போகிறவர்கள் எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்குங்கள், தனித்தனியாக வாங்கினால் அந்த ஆணையின் பயன் கிட்டாது. இடம் பிரிந்து வந்திருந்தால், விமானத்துக்குள் ஏறியபின் பக்கத்திலிருப்பவரைக் கெஞ்சுவதற்கு முன்பாகவே, கவுண்டரில் நின்று 2024 ஏப்ரல் ஆணையைச் சொல்லிக் கேளுங்கள்.