பொன் தின்ற புரவிகள்

சித்திரை முழுநிலா நாள், விடியற்பொழுது. வையையில் நீர் உண்டோ இல்லையோ, அதன் இரு கரைகளிலும் மக்கள் வெள்ளத்துக்குக் குறைவில்லை. அழகர்மலையிலிருந்து புறப்பட்ட கள்ளழகர் தங்கக் குதிரை மீதேறி ஆற்றில் இறங்குகிறார். கூட்டம் எட்டி எட்டிப் பார்க்கிறது. எதை? அவர் உடுத்திவரும் பட்டின் நிறத்தை! பெட்டிக்குள் கைவிட்டுப் பாராமலே பட்டர் எடுத்த பட்டு என்ன நிறம்? பச்சையா, நாடு செழிக்கும். சிவப்பா, கேடு சூழும். இதுவே நம்பிக்கை.

அக்கரையில் நாமும் நின்றிருந்தோம். பக்கத்தில் மேலூர்ப் பக்கத்து உழவர் ஒருவர். கால் வெடிப்பில் வயல்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பச்சைதானே தம்பி, நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றார். கண்பார்வை குன்றியவர். அவருடைய கண்மாயின் மடை பழுதுபட்டுக் கிடக்கிறது. அதைச் செப்பனிடக் கோரி எழுதிய மனுவுக்கு விடை வரவில்லை. அந்த விடையைப் பட்டின் நிறத்திலே தேடுகிறார்! அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவன் பகுத்தறிவாளன் ஆகான்; ஏமாற்றம் எங்கிருந்து வந்தது என்று தேடுபவனே ஆவான்.

தேடினோம். குதிரையின் குளம்படிச் சுவடு பாண்டிய நாட்டு வரலாற்றுக்கே நம்மை இட்டுச் சென்றது.

தமிழகம் நல்ல போர்க்குதிரை பிறக்கும் நாடன்று. கடல்வழிக் குதிரை வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலையே கூறுகிறது. அன்று புகாரில் இறங்கிய பரி, பிற்காலத்தில் பாண்டியரின் காயல் துறையில் ஆயிரக்கணக்கில் இறங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: ஓர்முசு, கிஷ், ஏடன் முதலிய இடங்களின் வணிகர் குதிரைகளைக் கொண்டுவருகின்றனர், மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அரசாளும் அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட எஞ்சுவதில்லை!

ஏன் எஞ்சுவதில்லை? குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை என்கிறார் அவர். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்து ஊட்டினராம். புல்தின்னும் விலங்குக்கு அரண்மனை விருந்து! இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை மருத்துவம் அறிந்தவரை இந்நாட்டுக்கு வரவிடாமல் வணிகரே தடுத்தனராம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை!

பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும் இதனை ஒட்டியே எழுதுகிறார். பாரசீக நாட்டில் அபூபக்கர் ஆண்ட காலத்தில் மாபார் என்று அவர்கள் அழைத்த நம் கடற்கரைக்கும் கம்பாயத்து முதலிய துறைகளுக்குமாக ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின. குதிரை ஒன்றின் விலை சராசரி 220 தினார். மொத்தம் 22 இலட்சம் பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் விலை உண்டு என்பது ஒப்பந்தம்! பிணத்துக்கும் பொன் கொடுத்த பெருந்தன்மை உலகில் வேறெந்த அரசுக்கு வாய்த்தது?

பொன் யார் வீட்டுப் பொன்? அதையும் வசாபு மறைக்கவில்லை. கோயில் நிலங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீது விதித்த வரியிலிருந்தும் அத்தொகை கொடுக்கப்பட்டது என்கிறார். அயல்நாட்டார் சொல் ஆகையால் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் வெனிசு நாட்டான் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் தனித்தனியே ஒரே திசையைச் சுட்டும்போது அத்திசையில் நெருப்பு இருந்தே தீரும். தேவனுக்கு அடியாள் என்று பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்ணின் உடல்மீது வரி. அவ்வரியில் வாங்கிய குதிரை. அக்குதிரை மீது ஏறிய மாமன்னர்! அந்தப் பெண்ணுக்கு விடுதலை எப்போது வந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஆண்டுக்கணக்காகப் போராடிய பின், 1947 இல் சட்டம் வந்தபோதுதான். குதிரைகள் ஓராண்டில் மாண்டன. கொடுமை எழுநூறு ஆண்டுக்கு நின்றது.

இத்தனை பொன் கொட்டி வாங்கிய படை நாட்டைக் காத்ததா? 1311 இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்தான். அரியணைக்காக உடன்பிறந்தார் இருவர் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த நேரம். தெற்கிலிருந்து அவன் வாரிச்சென்ற கொள்ளையில் யானைகளோடும் பொன்னோடும் குதிரைகளும் இருந்தன. ஐயாயிரம் என்கிறார் அமீர் குசுரு. இருபதாயிரம் என்கிறார் பரணி. எண் எதுவாயினும் உண்மை ஒன்றே: கோயில் பொன்னைக் கொடுத்து வாங்கிய குதிரை, மிஞ்சிய கோயில் பொன்னோடு சேர்ந்து தில்லிக்குப் போயிற்று.

இக்கதையைப் புராணிகர் எவ்வாறு பாடினர் என்பதே வேடிக்கை. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். சொக்கர் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த உண்மைக் குதிரைகளையும் கடித்துக் கொன்று ஓடின. திருவிளையாடற் புராணத்தில் இதற்கு இரண்டு படலங்கள்; மதுரையில் ஆவணி மூலத்தில் ஆண்டுதோறும் இதற்கு ஒரு விழா. பொதுப்பணத்தைக் கோயிலுக்குத் திருப்பியதைத் தட்டிக்கேட்ட அரசன் கதையில் குற்றவாளி, திருப்பியவர் திருவாளர்! கணக்குக் கேட்டவன் மீது வையை பெருகி வந்தது. கேள்வி கேளாதே என்பதைக் கதையாக்கிக் கற்பிக்க இதனினும் சிறந்த வழி உண்டா?

எனினும் அக்கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இது நம் ஊகமே. பகலில் உயர்ந்த குதிரையாய்த் தோன்றியது இரவில் ஒன்றுக்கும் உதவாததாய்ப் போகிறது. விடிந்தால் இலாயத்தில் பிணங்கள். நல்ல விலை கொடுத்து நோயுற்ற குதிரையை வாங்கி ஏமாந்த நாட்டின் நினைவன்றோ இது! உண்மையைச் சொல்ல அஞ்சிய நாவு அதனைத் திருவிளையாடல் என்றது.

பழங்கதை போகட்டும். மதுரையை விட்டுக் கிண்டிக்கு வருவோம். அங்கே 1777 ஆம் ஆண்டளவில் வெள்ளையர் தொடங்கிவைத்தது குதிரைப் பந்தயம். இங்கிலாந்துப் பந்தயக் குதிரைகளின் ஆண்வழி மூதாதையர் கீழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட மூன்று குதிரைகள். அரபு நாட்டுக் குருதி கிண்டியிலும் ஓடியது. தமிழன் பொன் இங்கும் கரைந்தது. பட்டும் உண்டு! குதிரை ஏறுவோன் அணியும் வண்ணப்பட்டுச் சட்டையைப் பார்த்தே தொலைவிலிருந்து தம் குதிரையை அடையாளம் காண்பர். வையைக் கரையில் பச்சையா சிவப்பா என்ற கேள்வி. கிண்டியிலும் பச்சையா சிவப்பா என்ற கேள்வி! அங்கே குறிசொல்வோர் பட்டர். இங்கே குறிசொல்வோர் பந்தயக் குறிப்பு விற்போர். நாளை எக்குதிரை வெல்லும் என்று அச்சிட்டு விற்றவர் தாமே அதன்மீது பணம் கட்டிக் கோடீசுவரர் ஆகாதது ஏன் என்று எவரும் கேட்டதில்லை.

1974 இல் கலைஞர் தலைமையிலான கழக அரசு குதிரைப் பந்தயத்தையும் பணையத்தையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கைரிக்ஷாவை ஒழித்து, மனிதனை மனிதன் இழுக்கும் இழிவைத் துடைத்த மறு ஆண்டு அது. வழக்குகள் எழுந்தன, பந்தயம் தொடர்ந்தது. 1986 இல் எம்.ஜி.ஆர். அரசு பந்தய நிலையத்தையே ஏற்கச் சட்டம் செய்தது. 1996 சனவரியில் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதன்று என்றும் தீர்ப்பளித்தது. நம் வீட்டுக் குறையையும் மறைத்தல் நேர்மையன்று: பரிசுச்சீட்டை 1968 இல் தொடங்கியதும் கழக அரசே. அச்சீட்டு 2003 இல்தான் தமிழகத்தில் ஒழிந்தது.

திறமை! அந்த ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டினால் ஆயிரம் ரூபாய். நிலையமும் வரியும் முதலில் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. கணக்குக்காக ஐந்தில் ஒன்று என வைத்துக்கொள்வோம். திரும்புவது 800. அதையே மறுபடி கட்டினால் 640. மூன்றாம் ஆட்டத்தின் முடிவில் 512. மூன்றே ஆட்டத்தில் கூட்டத்தின் பணத்தில் ஏறக்குறையப் பாதி காணோம்! நூறு பேரும் மேதைகளாக இருந்தாலும் இதே கணக்குத்தான். ஒருவன் திறமையால் வெல்லலாம்; ஊர் தோற்றே தீரும். ஓடுவது குதிரையின் திறமை. ஓட்டுவது ஏறியவன் திறமை. இழப்பது மட்டும் கட்டியவன் திறமை.

அந்தச் சொல் இன்று குதிரையை விட்டுக் கைபேசியில் ஏறிக்கொண்டது. இணையச் சூதால் கடன்பட்டு உயிர்மாய்த்தோர் செய்திகள் தமிழகத்தை உலுக்கிய பின், 2023 ஏப்ரலில் தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி உயர்நீதிமன்றம் அவற்றைத் தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில்தான் திறமையாயினும் வாய்ப்பாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாதென்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. சட்டம் வந்தது, ஆசை போயிற்றா? பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "அப்பா இழந்த பணத்தை எடுக்க எந்த ஆட்டம் சார் நல்லது?" பச்சைப்பட்டா என்று கேட்ட உழவரின் குரல் அவன் குரலில் ஒலித்தது.

2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை அரசு நீக்கி, 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தன்வயப்படுத்தியது. வழக்குகள் தொடர்ந்தன; எனினும் குதிரைகள் ஓடிய அம்மண்ணில் மழைநீர் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. இந்தச் செய்தியைத்தான் அந்த மேலூர் உழவரிடம் சொல்ல விரும்புகிறோம். பாண்டியன் காலத்துப் பொன் குதிரையாய்ச் செத்தது; அதே காலத்தில் வெட்டிய கண்மாய்கள் இன்றும் நெல் விளைக்கின்றன.

அடுத்த பந்தயத்தில் எந்தக் குதிரை என்று கேட்கும் இளைஞர்க்கு நம் குறிப்பு இதுவே: எதன்மீதும் கட்டாதீர். அந்தப் பத்து ரூபாயை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். அந்த விடுமுறை நாளில் ஊரார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கண்மாய் மடைக்குப் போங்கள். மனுவுக்கு விடை வரும்வரை எழுதுங்கள். பட்டு எந்நிறமாயினும் மடை திறந்தால்தான் வயல் பச்சையாகும்.