ஜாக்: துணியின் பெயரா, இடத்தின் பெயரா?

தமிழில் கப்பலின் முன்னே பறப்பதும் கொடி, பின்னே பறப்பதும் கொடி, பாய்மர உச்சியில் பறப்பதும் கொடிதான். ஆங்கிலக் கடலோடிகளுக்கு அப்படியல்ல. அணியத்தில் பறந்தால் ஜாக். பின்புறத்தில் பறந்தால் என்சைன். மர உச்சியிலிருந்து நீண்டு நெளிந்தால் பெனன்ட். முதல் இரண்டையும் தாங்கும் கம்பங்களுக்கும் ஜாக்ஸ்டாஃப், என்சைன்ஸ்டாஃப் என்று தனித்தனிப் பெயர் உண்டு. என்சைனின் பிறப்பில் சிக்கலில்லை. அடையாளங்கள் என்று பொருள்படும் 'இன்சிக்னியா' என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. வழக்கு முழுவதும் ஜாக்கின் மேல்தான். பிரிட்டிஷ் கொடியை 'யூனியன் ஜாக்' என்று சொல்லிப் பழகியதால், ஜாக் என்பது அந்தக் குறிப்பிட்ட துணிக்கு இட்ட பெயர் என்றே பலரும் கொள்கின்றனர். அது முதலில் கப்பலின் ஓர் இடத்தோடு ஒட்டிய பெயர். அந்த இடத்தில் எந்தத் துணி ஏறினாலும் பெயரும் கூடவே ஏறும் என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது.

துணியின் பெயர் என்போர் காட்டும் பெரிய ஆதாரம் மன்னர் முதலாம் ஜேம்ஸ். பிரெஞ்சில் ஜேம்ஸ் 'ழாக்'. கொடியை உண்டாக்கியவரின் பெயரே கொடிக்கு வந்தது என்பது அவர்கள் கூற்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜேம்ஸின் 1606 ஏப்ரல் 12ஆம் நாள் பிரகடனத்தைப் பார்த்தால் கதை நிற்காது. செயின்ட் ஜார்ஜின் செஞ்சிலுவையும் செயின்ட் ஆண்ட்ரூவின் வெண்சிலுவையும் இணைந்த புதிய கொடியைக் கப்பல்கள் நடுப்பாய்மரத்தின் உச்சியில் பறக்கவிட வேண்டும் என்கிறது அது. முன்மரத்தில் ஆங்கிலேயரும் ஸ்காட்டியரும் தத்தம் பழைய சிலுவையை வைத்துக்கொள்ளலாம். மன்னரால் வந்த பெயரென்றால், நடுமரத்து உச்சியில் பறந்த அந்தத் துணிக்கல்லவா முதலில் ஒட்டியிருக்க வேண்டும்? ஜாக் என்ற சொல்லோ, ஜேம்ஸ் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1633இல் ஜான் பென்னிங்டன் என்ற கடற்படைத் தலைவரின் ஆணையில், கப்பல் மூக்கில் முன்னோக்கிச் சாய்ந்து நீளும் முகமரத்தின் நுனியில் பறப்பது என்ற குறிப்போடு வருகிறது. துணியில் என்ன வரைந்திருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. எங்கே பறக்கிறது என்பதைச் சொல்கிறார்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ஜாக் என்பது எதையும் சிறியதாக்கிச் சொல்லும் முன்னொட்டு. ஆகவே ஜாக் என்றால் சிறு கொடி, பெயர் வந்தது அளவால், இடத்தால் அல்ல என்பர். பாதி உண்மை. ஆனால் அது ஏன் சிறியது? பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல்களில் முகமரத்தின் நுனியில் ஒல்லியான குட்டி மரம் ஒன்று செங்குத்தாக நிற்கும். ஜாக் பறந்தது அதன் தலையில். பெரிய கொடியை அங்கே கட்டினால் அந்த மெல்லிய மரம் தாங்காது. அளவைத் தீர்மானித்ததே இடம்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக்கோண முன்பாய்கள் வந்து அந்தக் குட்டி மரத்தை ஒழித்தன. ஜாக் தனிக்கம்பத்துக்கு மாறியது. கம்பம் ஜாக்ஸ்டாஃப் ஆயிற்று. பாய் விரித்தால் அந்த இடத்தில் கொடி பறக்க வழியில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் ஜாக்ஸ்டாஃபில் பெரும்பாலும் நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ நிற்கும்போதுதான் இன்றும் கொடி ஏறுகிறது. தடுத்த பாய்கள் எப்போதோ போய்விட்டன, வழக்கம் மட்டும் போகவில்லை.

அயல்மொழிகளைக் கேட்டால் இடத்தின் பங்கு இன்னும் தெளிவாகும். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இதை நேராகவே முகமரக் கொடி என்கின்றனர். டச்சுச் சொல்லான 'கியூஸ்' எனக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். அது ஸ்பெயினை எதிர்த்த 'கடற்பிச்சைக்காரர்' என்ற கிளர்ச்சிக் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அதன் பிற்கால வரலாறு என் பக்கம். மகா பீட்டர் காலத்தில் டச்சுக் கப்பற்சொற்களை அள்ளிக்கொண்ட ரஷ்யர் 'கியூய்ஸ்' என்று இதையும் எடுத்தனர். கிளர்ச்சிக்காரர்களும் அவர்கள் கொடியும் ஹாலந்திலேயே தங்கிவிட, அணியத்தில் பறக்கும் கொடி என்ற பொருள் மட்டும் கடல் தாண்டியது. ரஷ்ய ஜாக் சிவப்புத் துணி. அதன் வடிவம் டச்சுக் கொடியுடையதல்ல. அமெரிக்கக் கடற்படையின் 'யூனியன் ஜாக்' நீலத்தில் 50 வெள்ளை நட்சத்திரம்; பிரிட்டிஷ் சிலுவை எதுவும் கிடையாது. 2002 முதல் 2019 வரை அதற்குப் பதில் பாம்பு நெளியும் பதின்மூன்று பட்டைக் கொடி பறந்தது. அதற்கும் பெயர் ஜாக்தான்.

மரத்துக்கும் பொருளுக்கும் உள்ள இந்த உறவு ஜாக்கோடு நிற்பதில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரலின் கொடி நடுமரத்தில், வைஸ் அட்மிரலுடையது முன்மரத்தில், ரியர் அட்மிரலுடையது பின்மரத்தில் பறந்தது. பதவி துணியில் இல்லை, மரத்தில் இருந்தது. மூன்று மரமில்லாத படகில் இந்த முறை செல்லாது. எனவே படகுக் கொடிகளில் வட்டம் வரைந்து வேறுபடுத்தினர். 1864இல் அட்மிரல்களின் கொடிக்கு நிறம் தந்த சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற அணிப் பிரிவு ஒழிந்தபின் வெள்ளையில் செஞ்சிலுவையே எல்லாருக்கும் பொதுவாயிற்று. வைஸ் அட்மிரலுக்கு ஒரு வட்டம், ரியர் அட்மிரலுக்கு இரண்டு. நீராவி வந்து பாய்மரங்கள் குறையக் குறைய, இந்த வட்டங்களே பதவியைச் சொல்லும் வேலையை ஏற்றன. இடம் தாங்கிய பொருளை இடம் போனபின் துணி சுமக்க நேர்ந்ததற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சான்று தேவையில்லை.

அப்படியானால் நிலத்தில் பறக்கும் பிரிட்டிஷ் கொடியை 'யூனியன் ஜாக்' என்பது பிழையா? கண்டிப்பான சிலர் அப்படித்தான் திருத்துகின்றனர். என் வாதம் அவர்களுக்குத் துணைபோகாது. 1634இல் முதலாம் சார்லஸ் இந்தக் கொடியை அரசுக் கப்பல்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார். அணியத்தில் அது பறந்தால் மன்னரின் கப்பல் என்று பொருளாயிற்று. அந்த மதிப்புக்கு ஆசைப்பட்டு வணிகக் கப்பல்களும் ஏற்ற, 1674இல் இரண்டாம் சார்லஸ் மீண்டும் தடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தடையாணையிலேயே மக்கள் வழக்காக 'யூனியன் ஜாக்' என்ற தொடர் இடம்பெறுகிறது. மக்கள் கண்ணில் இடமும் துணியும் அதற்குள் ஒட்டிவிட்டன. 1908இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசு இதைத் தேசியக் கொடி என்று அறிவித்தபோதும் ஜாக் என்ற பெயரையே சொன்னது. இடத்தின் பெயர் கரையேறித் துணியின் பெயராகிவிட்டது. வந்த வழி தெரிந்தால் போதும், திரும்பக் கடலுக்கு விரட்ட வேண்டியதில்லை. ரஷ்யக் கப்பல்தளத்தில் அந்தச் சொல் இன்னும் ஓரடி தள்ளி நடந்திருக்கிறது: மாலுமியின் தோளில் மடிந்து விழும் நீலக் கழுத்துப்பட்டியையும் அவர்கள் 'கியூய்ஸ்' என்றே அழைக்கின்றனர்.